கழுகுகள் மேற்கே போகும் மேடு

நேபாளத்தில் பொக்காரா நகருக்கு மேற்கே, அன்னபூர்ணா மலைகளுக்கு எதிரே ஒரு மேடு இருக்கிறது. பெயர் தூலாகர்க்கா. சுற்றுலா வருகிறவர்கள் அதை ஆஸ்திரேலியன் கேம்ப் என்கிறார்கள். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்குவதற்குள், வடக்கிலிருந்து வலசை வரும் கழுகுகளும் பாறுகளும் பருந்துகளும் அந்த மேட்டை ஒட்டி மேற்கு நோக்கிப் போகின்றன. துளசி சுபேதி என்ற நேபாளப் பறவை ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2012 முதல் அங்கே உட்கார்ந்து அவற்றை எண்ணி, முடிவுகளை ஆய்விதழில் வெளியிட்டிருக்கிறார்கள். எண்ணினார்கள் என்று படித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் நிற்காத ஒன்றை, மேகத்துக்குள் நுழைந்து வேறிடத்தில் வெளியே வரும் ஒன்றை, எப்படி எண்ணுவது? அதை நேரில் பார்க்காமல் எனக்குத் தீராது என்று தோன்றியது. நவம்பர் முதல் பாதியில், திஹார் பண்டிகை முடிந்த வாரத்தில் போனேன்.

பொக்காராவில் பாக்லுங் பேருந்து நிலையம் என்று தனியாக ஒன்று இருக்கிறது. மேற்கே போகும் வண்டிகள் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. காலை ஆறு மணி வண்டியில் இடம் கிடைத்தது. காண்டே வரை சுமார் 25 கிலோமீட்டர். கட்டணம் 200 நேபாள ரூபாய். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் ரூபாய் 1.60 என்பதால் 125 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஓட்டுநருக்கு முன்னால் கண்ணாடியில் திஹாருக்குக் கட்டிய சாமந்தி மாலை வாடித் தொங்கியது. ஹெம்ஜா தாண்டும்வரை இருபக்கமும் அறுத்த நெல் வயல்கள். அதற்குமேல் சாலை மலையில் ஏற ஆரம்பித்ததும் வயல் படிக்கட்டாகிறது, பயிரும் மாறுகிறது. சாய்ந்து நின்ற கதிரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது: கேழ்வரகு. அவர்கள் கோதோ என்கிறார்கள். பெண்கள் கதிரை மட்டும் கொய்து முதுகுக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடையின் பட்டையை நெற்றியில் மாட்டியிருந்தார்கள்.

காண்டேயில் இறங்கி ஒரு கடையில் பால் டீ குடித்தேன். 50 ரூபாய், இஞ்சி தூக்கலாக இருந்தது. கழுகு பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் கடைக்காரர், “இது நல்ல காலம். ஒரே நாளில் ஆயிரம் வரும்” என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த டாக்ஸி ஓட்டுநர் ஒத்துக்கொள்ளவில்லை. “எல்லாம் இங்கேயே இருக்கிற கழுகுதான். காலையில் இந்தப் பக்கம் போகும், சாயங்காலம் அந்தப் பக்கம் திரும்பும்” என்றார். இரண்டையும் நோட்டில் குறித்துக்கொண்டேன். இரண்டில் எது சரி என்று அன்று பகலிலேயே பார்த்துவிடலாம்.

காண்டே 1,770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தூலாகர்க்கா 2,060 மீட்டர். ஏற வேண்டியது ஏறக்குறைய 300 மீட்டர்தான், ஆனால் பெரும்பகுதி கல் படிகள். வழி அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள் போகிறது. 7,629 சதுர கிலோமீட்டர், நேபாளத்தின் மிகப் பெரிய பாதுகாக்கப்பட்ட பகுதி. அனுமதிச் சீட்டை பொக்காராவிலேயே வாங்கியிருந்தேன். சார்க் நாட்டுக்காரர்களுக்கு 1,000 ரூபாய். வீடுகள் முடிந்ததும் காடு. ரோடோடென்ட்ரான் மரங்களின் கிளையெல்லாம் பாசி. இரவுப் பனியில் கல் வழுக்கியது. எங்கிருந்தோ ஒரு குக்குறுவான் விடாமல் கத்திக்கொண்டே இருந்தது. எதிரே கோவேறு கழுதைகள் கழுத்து மணியோடு எரிவாயு உருளைகளைச் சுமந்து இறங்கின. மலைப்பக்கமாக ஒதுங்கி நின்று வழி விட வேண்டும். பள்ளத்துப் பக்கம் நின்றால் இடித்துத் தள்ளிவிடும்.

ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஏறியதும் மரங்கள் விலகின. பசும்புல் மேடு, ஓரத்தில் நீலக் கூரை விடுதிகள். வடக்கே திரும்பினால் ஒரே வரிசையில் மலைகள்: இடதுபுறம் 7,219 மீட்டர் அன்னபூர்ணா சவுத், அதை ஒட்டி ஹியுன்சுலி, வலதுபுறம் 6,993 மீட்டர் மச்சாபுச்ரே. கழுகை மறந்து சிறிது நேரம் நின்றுவிடத்தான் செய்கிறோம். தெற்கே பொக்காரா பள்ளத்தாக்கு மூட்டத்துக்கு அடியில் கிடந்தது. பொக்காரா 800 மீட்டரை ஒட்டிய உயரம்தான். அங்கிருந்து 30 கிலோமீட்டர் வடக்கே பார்த்தால் தரை 7,000 மீட்டருக்கு எழும்பி நிற்கிறது. பறவைகள் இந்த வழியில் வருவதற்குக் காரணமே அந்தச் சுவர்தான்.

மேட்டின் கிழக்கு ஓரத்தில், புல் தேய்ந்து மண் தெரிந்த இடத்தில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் இளைஞர், ஒரு பெண். முக்காலியில் ஒரு ஸ்கோப், கழுத்தில் ஆளுக்கொரு பைனாகுலர். விரலால் அழுத்தினால் ஒவ்வோர் எண்ணாக ஏறும் சிறிய எண்ணிக் கருவிகள் மூன்றை ஒரே கயிற்றில் கோத்து வைத்திருந்தார்கள். அட்டையில் செருகிய தாளில் மணிவாரியாகக் கட்டங்கள். பறவையின் பெயருக்கு முன்னாலேயே காற்றின் திசை, வேகம், மேகம் எவ்வளவு, மலை தெரிகிறதா இல்லையா என்பதற்கெல்லாம் இடம் இருந்தது. கூட உட்காரலாமா என்று கேட்டேன். இந்தியும் ஆங்கிலமும் கலந்து பதில் வந்தது: “உட்காருங்கள். பறவையைப் பார்த்தால் கையை நீட்டுங்கள், எண் மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு பேர் எண் சொன்னால் கணக்கு குழம்பிவிடும்.”

எட்டு மணிக் கட்டத்தில் சுழியம் எழுதியிருந்தது. ஒன்பது மணிக் கட்டத்திலும் அப்படியேதான் ஆகும் போலிருந்தது. ஒன்றும் வராத மணி நேரத்தையும் எழுதத்தான் வேண்டும் என்றார் அந்தப் பெண். கட்டத்தைக் காலியாக விட்டால் பறவை வரவில்லையா, எண்ணுகிறவர் வரவில்லையா என்று பத்து வருஷம் கழித்துப் படிக்கிறவருக்குத் தெரியாது. சுழியம் இருந்தால், ஆள் இருந்து பார்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

அந்த நேரத்தில்தான் முதல் பெரிய பறவை எழுந்தது. இமாலயப் பாறு. சிறகு விரித்தால் இரண்டரை மீட்டருக்கு மேல், சிலவற்றுக்கு மூன்று மீட்டரையும் எட்டும். மணல் நிற உடலும் கருத்த சிறகோரமும் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. நான் கையை நீட்டினேன். இளைஞர் பார்த்தார், எண்ணியை அழுத்தவில்லை. பாறு சரிவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது, விடுதிக்கு மேலே வந்தது, மறுபடி கிழக்கே போனது. “இது இங்கே குடியிருப்பது” என்றார். விடுதியின் கொடிக்கம்பத்திலிருந்து மச்சாபுச்ரே உச்சிவரை மனத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ள வேண்டும். கிழக்கிலிருந்து வந்து அந்தக் கோட்டைத் தாண்டி மேற்கே போய் மறைவதுதான் கணக்கில் சேரும். தாண்டியது திரும்பி வந்தால் ஒன்றைக் கழிக்க வேண்டும். டாக்ஸி ஓட்டுநர் சொன்னதில் பாதி உண்மை என்று அப்போது தெரிந்தது. இங்கேயே இருக்கும் பறவைகள் நிறைய உண்டு. அவற்றை ஒதுக்கித் தள்ளுவதுதான் எண்ணுகிறவரின் முதல் வேலை.

ஒன்பதே முக்காலுக்கு வெயில் உறைத்தது. புல்லின் ஈரம் காய்ந்து பச்சை வாசனை எழுந்தது. கீழே கேழ்வரகு வயல்களில் தரை சூடாகி, காற்று மேலே ஏறத் தொடங்கும் நேரம். கழுகு கனமான பறவை. மலைக்கு மலை சிறகடித்துப் போனால் சேர்த்து வைத்த கொழுப்பெல்லாம் கரைந்துவிடும். அதனால் சூடான காற்று எழும் இடத்தைத் தேடிப் போய், சிறகை அசைக்காமல் அதற்குள் வட்டமிட்டு உயர்கிறது. உச்சிக்குப் போனதும் சிறகைச் சற்று மடித்து மேற்கே சறுக்குகிறது. உயரம் குறைந்தால் அடுத்த சரிவில் அடுத்த காற்று. இமயத்தின் தெற்குச் சரிவு வெயிலை நேராக வாங்குகிறது. பள்ளத்தாக்குக் காற்றும் அதில் மோதி மேலே ஏறுகிறது. கிழக்கிலிருந்து மேற்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இப்படித் தூக்கிவிடும் காற்று வரிசையாகக் கிடைக்கும் வழி வேறு எங்கே இருக்கிறது?

“கிழக்கே, மலைமடிப்புக்கு மேலே” என்றார் அந்தப் பெண். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பைனாகுலரை மடிப்பின் விளிம்பில் வைத்து மெல்ல நகர்த்திய பிறகு ஒரு புள்ளி கிடைத்தது. புள்ளிக்குச் சிறகு முளைத்தது. ஐந்து நிமிடத்தில் எங்கள் கண் மட்டத்துக்கு வந்து, பிறகு கீழேயே போனது. மேட்டில் நின்று கழுகின் முதுகைப் பார்ப்பது ஊரில் கிடைக்காத காட்சி. மண் நிறம், நீண்ட சிறகு, சிறகு நுனியில் விரித்த கைவிரல் மாதிரி தனித்தனி இறகுகள். பக்கத்தில் திரும்பியபோது மஞ்சள் வாயோரம் கண்ணுக்குப் பின்னால்வரை நீண்டிருந்தது தெரிந்தது. ஸ்டெப்பி கழுகு. எண்ணி ‘டிக்’ என்றது.

இந்தக் கழுகை அறிவியலுக்கு முதலில் அறிமுகப்படுத்தியது நேபாளத்திலிருந்துதான். காத்மாண்டுவில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக இருந்த பிரையன் ஹாட்சன் 1833-இல் விவரித்தார். ஆனால் அது கூடு கட்டுவது இங்கே இல்லை. கஜகஸ்தான், தெற்கு சைபீரியா, மங்கோலியா என்று நீளும் புல்வெளிகளில் முட்டையிட்டு, தரை அணிலையும் எலியையும் பிடித்துக் குஞ்சு வளர்க்கிறது. பனி விழுந்து இரை வளைக்குள் போனதும் தெற்கே கிளம்புகிறது. இந்தியச் சமவெளி, அரேபியா, ஆப்பிரிக்கா என்று குளிர்காலத்தைக் கழிக்கும் இடங்கள் பல. இமயத்தைத் தாண்டி வந்தவைதான் இந்தச் சரிவைப் பிடித்துக்கொண்டு மேற்கே போகின்றன.

பத்தரைக்கு மேல் நோட்டில் எழுத நேரமில்லை. ஒன்று, மூன்று, ஒன்று, பிறகு ஒரே நேரத்தில் பதினொன்று. கிழக்குச் சரிவின் மேல் அவை சேர்ந்து சுழன்றன. சுழலும்போது நான் எண்ணிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் வேறு எண் வந்தது. ஒன்று மற்றொன்றை மறைக்கிறது, எண்ணியதே திரும்பி வருகிறது. அவர்கள் இருவரும் அந்த நேரத்தில் எண்ணியைத் தொடவே இல்லை. வட்டத்தின் உச்சிக்குப் போய் முதல் கழுகு மேற்கே சறுக்கியதும், மற்றவை அதன் பின்னால் ஒன்றன்பின் ஒன்றாக நீண்டன. கோட்டைத் தாண்ட ஆரம்பித்த பிறகுதான் டிக், டிக் என்று விழுந்தது. கேட்கச் சாதாரணம், ஆனால் பொறுமை வேண்டும். கண்முன்னால் இத்தனை பறவை சுழலும்போது கையை அடக்கி வைத்துக்கொள்வது எளிதல்ல.

மூன்று எண்ணிகள் எதற்கு என்றும் அப்போது விளங்கியது. ஒன்று முதிர்ந்த கழுகுக்கு, ஒன்று அந்த ஆண்டுக் குஞ்சுக்கு, மூன்றாவது இரண்டுக்கும் இடைப்பட்ட வயதுக்கு. குஞ்சு தலைக்கு மேலே போகும்போது சிறகின் அடிப்பக்கத்தில், நடுவில், வெள்ளைப் பட்டை ஒன்று தெளிவாகத் தெரிகிறது. வயது ஏற ஏற அந்தப் பட்டை மங்கி உடைகிறது. முழுதும் கருத்துப்போக நான்கைந்து ஆண்டுகள் ஆகும். இளைஞர் ஸ்கோப்பை என் பக்கம் திருப்பினார். வெள்ளைப் பட்டையுள்ள ஒன்று வட்டத்துக்குள் நிறைந்து நின்றது. அந்த வசந்தத்தில் முட்டைக்குள் இருந்த உயிர், இப்போது இமயத்தைத் தாண்டி வந்திருக்கிறது.

வயதை எழுதுவது வெறும் நுணுக்கம் அல்ல. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாக் மவுன்டன் என்ற மலை இருக்கிறது. வலசைப் பருந்துகளை வேடிக்கைக்காகச் சுட்டுக் குவித்த இடம் அது. 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி அந்த மலையைக் குத்தகைக்கு எடுத்துத் துப்பாக்கிகளை நிறுத்தினார். மாரிஸ் பிரௌன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். பிரௌன் காவலோடு எண்ணிக்கையும் எடுத்தார். 1935 முதல் 1939 வரை அங்கே பார்த்த வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது 20 ஆகிவிட்டது. முதிர்ந்த கழுகுகள் வழக்கம்போல வந்துகொண்டிருந்தன. போகிறபோக்கில் பார்த்தவருக்கு ஒரு குறையும் தெரிந்திருக்காது. குஞ்சு பொரியாததை அந்த வயதுக் கட்டம்தான் காட்டியது. பூச்சிமருந்து டி.டி.டி. குறித்து ரேச்சல் கார்சன் 1962-இல் எழுதிய ‘சைலன்ட் ஸ்பிரிங்’ நூலில் அந்தக் கணக்கு சாட்சியாக வந்தது. 1972-இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடை செய்தது. பிரௌன் மலையில் உட்கார்ந்து முதல் கட்டத்தை நிரப்பியபோது டி.டி.டி. வயலுக்கே வரவில்லை. எதற்குப் பயன்படும் என்று தெரியாமலேயே ஒழுங்காக எழுதி வைத்த கணக்கு அது.

பதினொன்றரைக்கு வேறொரு கூட்டம் வந்தது. சிறியவை, சிறகு கூர்மை, வேகம் அதிகம், வட்டமும் குறைவு. அமுர் வல்லூறுகள். சைபீரியாவின் கிழக்கிலும் வட சீனாவிலும் கூடு கட்டி, இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலையும் கடந்து தென் ஆப்பிரிக்கா வரை போகும் பறவை. எடை கால் கிலோகூட வராது. நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்தருகே 2012-வரை வலை விரித்துக் கூட்டம் கூட்டமாகப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே அந்த ஊர்க்காரர்கள் பிடிப்பதை நிறுத்திக் காவலுக்கு நின்றார்கள். எங்களுக்கு மேலே போன கூட்டத்தை அந்தப் பெண் பத்துப் பத்தாகப் பிரித்து எண்ணினார். ஆறு பத்தும் ஒரு நான்கும். அதன் பிறகு வைரி இனத்துச் சிறு பருந்து ஒன்று மரங்களின் உச்சியை உரசிக்கொண்டு போனது. ஸ்கோப்பைத் திருப்புவதற்குள் மறைந்துவிட்டது.

பன்னிரண்டரைக்குப் பிறகு ஆள் மாற்றிச் சாப்பிட்டார்கள். நானும் விடுதிக்குப் போனேன். தால்பாத் 500 ரூபாய். சோறும் பருப்பும் கீரையும் திரும்பத் திரும்பப் போடுவார்கள். புளிக்க வைத்து உலர்த்திய கீரையில் செய்த குந்துருக் என்ற ரசம் மாதிரியான ஒன்று, வெயிலில் உட்கார்ந்து வந்த உடம்புக்கு இதமாக இருந்தது. விடுதி நடத்தும் அம்மாளை எல்லோரும் தீதி என்றே கூப்பிட்டார்கள். முற்றத்தில் கோழிகள் மேய்ந்தன. “இந்தக் கழுகெல்லாம் கோழி தூக்குமே, எதற்கு எண்ணுகிறார்கள்?” என்றார் தீதி. தட்டோடு முற்றத்திலேயே உட்கார்ந்து கவனித்தேன். நான் சாப்பிட்டு முடிப்பதற்குள் ஏழு ஸ்டெப்பி கழுகுகள் கூரைக்கு மேலே போயின. ஒன்றும் தலையைக் கீழே சாய்க்கவில்லை. கோழிகளும் அவற்றைச் சட்டை செய்யவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து மலைக் கழுகு ஒன்று கூவியபோதுதான் சேவல் எச்சரிக்கைக் குரல் கொடுத்து, அத்தனையும் விறகு அடுக்குக்குள் ஓடின. எது தன்னைப் பிடிக்கும், எது தன் வழியே போகும் என்பது அந்தச் சேவலுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. தீதியும் அதைப் பார்த்தார். “அப்படியா” என்று சிரித்துவிட்டு எனக்கு இன்னொரு கரண்டி பருப்பு போட்டார்.

ஸ்டெப்பி கழுகு குளிர்காலத்தில் பெரும்பாலும் செத்த மாட்டைத்தான் தேடிப் போகிறது. ஆபத்தும் அங்கேதான் காத்திருக்கிறது. ராஜஸ்தானில் பிகானேரை அடுத்து மாட்டுச் சடலங்களைப் போடும் திடலில் இறந்து கிடந்த இரண்டு ஸ்டெப்பி கழுகுகளின் உடலில் டைக்ளோஃபெனாக் மருந்தின் எச்சம் இருந்ததை ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள். மாட்டுக்கு வலி போக ஊசியாகப் போட்ட மருந்து. இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைகளுக்கு அதைப் போடுவதை 2006-இல் தடை செய்தன. அதற்குள் பாறுகளில் பெரும்பகுதி செத்துவிட்டது. நம் நீலகிரி அடிவாரத்தில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் வெண்முதுகுப் பாறுகளும் கருங்கழுத்துப் பாறுகளும் அந்தச் சாவிலிருந்து தப்பியவைதான். அந்த மருந்து பாறுகளை மட்டும் கொல்லும் என்று நினைத்திருந்த காலத்தில், கழுகுகளையும் கொல்லும் என்று காட்டியவை அந்த இரண்டு உடல்கள். 2015-இல் ஸ்டெப்பி கழுகை, அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று உலகப் பட்டியலில் சேர்த்தார்கள். மின்கம்பிகளில் அடிபட்டுச் சாவதும், அது கூடு கட்டும் புல்வெளிகள் உழவுக்குப் போவதும் மற்றக் காரணங்கள்.

ஒன்றரைக்குத் திரும்பி வந்தபோது தெற்கே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் கீழே வயல்கள் மறைந்தன, பிறகு காண்டே சாலை. அதுவரை கண் மட்டத்தில் வந்த கழுகுகள் இப்போது மேலே, மேகத்தின் ஓரத்தை ஒட்டி, மிளகளவில் போயின. இந்த நேரத்தில்தான் அவர்கள் வேலை செய்வதை நெருங்கி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பறவை மேகத்துக்குள் நுழையும் முன் மூன்று விநாடி தெரிந்தது. இளைஞர், “ஸ்டெப்பி” என்றார். அந்தப் பெண், “வாயோரம் பார்த்தாயா?” என்றார். இல்லை. “பட்டை?” இல்லை. “அப்புறம் எப்படி?” அவர் பதில் சொல்லாமல் தாளில் கடைசிக்கு முந்திய கட்டத்தில் ஒரு கோடு போட்டார். அந்தக் கட்டத்தின் தலைப்பு: இனம் தெரியாத கழுகு. அதற்கும் அடுத்ததாக இனம் தெரியாத பருந்து என்று ஒரு கட்டம், அதிலும் கோடுகள்.

இந்த நாளில் இந்த இடத்தில் போகும் பெரிய கழுகுகளில் மிகப் பெரும்பாலானவை ஸ்டெப்பிதானே, அப்படியே எழுதினால் என்ன என்று கேட்டேன். அவர் தாளைத் திருப்பிக் காட்டினார். “அப்படி எழுதினால் எல்லாமே ஸ்டெப்பி ஆகிவிடும். அது குறைந்து வேறொன்று கூடினாலும் எங்கள் தாளில் தெரியாது” என்றார். எதிர்பார்ப்பை எழுதிவிட்டால் பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஒரு நாளில் ஒன்றிரண்டு பறவை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போனால் ஒன்றும் ஆகாது. பல ஆண்டுகளை அடுக்கி வைத்துப் பார்க்கும்போது அந்த ஒன்றிரண்டுதான் கூடியதா குறைந்ததா என்று சொல்லும்.

மூன்று மணிக்கு மச்சாபுச்ரே முழுதும் மறைந்துவிட்டது. கோட்டின் ஒரு முனையே காணோம். அவர்கள் எழுந்து போகவில்லை. மலை தெரியவில்லை என்பதைத் தாளில் குறித்துவிட்டு, தெரிந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குளிர் ஏறியது. அந்தப் பெண் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். விரல் மட்டும் எண்ணியின் மேலேயே இருந்தது. மூன்றே காலுக்கு மேகம் ஓர் இடத்தில் கிழிந்தபோது, அதன் வழியே நான்கு கழுகுகள் சறுக்கிப் போயின. எழுந்து போயிருந்தால் அந்த நான்கும் கணக்கில் இருந்திருக்காது. நாலரைக்குக் காற்று எழுவது நின்றது. தாமதமாக வந்த ஒரு கழுகு சிறகடித்துக் கஷ்டப்பட்டு எதிர்ச்சரிவுக் காட்டில் இறங்கியது. இரவு அங்கே தங்கிவிட்டுக் காலையில் கோட்டைத் தாண்டும். அதனால் அன்றைய கணக்கில் அது வரவில்லை.

ஐந்து மணிக்கு எண்ணிகளைப் பார்த்துக் கூட்டினார்கள். ஸ்டெப்பி கழுகு 212. அதில் வெள்ளைப் பட்டைக் குஞ்சுகள் 47. இமாலயப் பாறு 19, அமுர் வல்லூறு 64, சிறு பருந்துகள் சில. இனம் தெரியாத கழுகு 23. காண்டே கடைக்காரர் சொன்ன ஆயிரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் ஸ்டெப்பி அன்றைக்கு வந்தது. டாக்ஸி ஓட்டுநர் சொன்னதுபோல் சாயங்காலம் கிழக்கே திரும்பியவை பாறுகள் மட்டும்தான். ஸ்டெப்பி ஒன்றுகூடத் திரும்பவில்லை. அத்தனையும் மேற்கே போய்விட்டன. ஒரு நாள் கணக்கை வைத்துக்கொண்டு கழுகினம் குறைகிறதா கூடுகிறதா என்று நான் சொன்னால் அது தப்பு. அதைச் சொல்ல இதே மேட்டில், இதே கோட்டை வைத்து, இதே கட்டங்களைப் பல ஆண்டுகள் நிரப்ப வேண்டும். கருங்கடல் கரையில் ஜார்ஜியாவின் பட்டூமியில் ஓர் இலையுதிர் காலத்தில் பத்து லட்சத்துக்கு மேல் எண்ணுகிறார்கள். அங்கேயும் வேலை இப்படித்தான், ஒவ்வொரு டிக்காகத்தான் நடக்கிறது.

அன்றைய தாளில் நான் மிகவும் மதிப்பது 212-ஐ அல்ல, 23-ஐ. பார்த்தோம், ஆனால் இன்னதென்று சொல்ல முடியவில்லை என்று ஒப்புக்கொள்ளும் எண் அது. அந்தக் கட்டம் இருப்பதால்தான் மற்றக் கட்டங்களை நம்ப முடிகிறது. நம் பக்கத்திலும் 2023 முதல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் மூன்றும் சேர்ந்து ஒரே நேரத்தில் பாறுகளைக் கணக்கெடுக்கின்றன. கூடியது என்று செய்தி வந்தால் மகிழ்கிறோம், குறைந்தது என்றால் வருந்துகிறோம். இனி அந்த எண்களைப் படிக்கும்போது குஞ்சு எத்தனை, தெரியாதது எத்தனை, ஆள் உட்கார்ந்திருந்தும் ஒன்றும் வராத மணி எத்தனை என்றும் கேட்கலாம். அந்தக் கேள்விகளுக்குத் தாளில் பதில் இருந்தால், மலையில் ஒருவர் உண்மையாகவே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

தூலாகர்க்காவுக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: ஸ்டெப்பி கழுகுகளுக்கு அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் பாதிவரை நல்ல காலம். காலை ஒன்பதுக்குள் மேட்டில் இருங்கள். ஒன்றரைக்குப் பிறகு மேகத்தை நம்ப முடியாது. அறைக்கு ஆயிரம் ரூபாயிலிருந்து கேட்கிறார்கள். 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் போதும். காதுக்குக் கம்பளிக் குல்லாயும், கட்டம் போட்ட நோட்டும், நீண்ட நேரம் உட்கார்ந்திருக்கும் மனமும் எடுத்துப் போங்கள். எண்ணுகிறவர்கள் இருந்தால் அவர்களுக்குப் பின்னால் உட்காருங்கள். அடையாளம் தெரியாத பறவை போனால், தெரியாதது என்றே எழுதுங்கள்.